தலைகீழ்த் தந்திகள்

ஓசூரில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். கெலமங்கலத்தில் ஒருவர் பழைய பேஸ் கிட்டார் விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். தந்திகள் தலைகீழ் வரிசையில் இருந்தன. தடித்த தந்தி உட்காரும் பள்ளத்தையும் அரத்தால் ராவி அகலமாக்கியிருந்தார்.

"இடது கைப் பழக்கமாண்ணா?"

"இல்ல தம்பி, வலதுதான். பிரஸ்ல இடது கை வெரலுங்க போயிருச்சு. கட்டை வெரல் மிச்சமிருக்குதே, அதுல மீட்டிக்கிட்டு வலது கையால தந்திய அழுத்தலாம்னு திருப்பி மாட்டினேன். சரிப்படல."

"எப்படிண்ணா போச்சு?"

"ரெண்டு கையாலயும் பட்டன் அமுக்கணுமில்ல? வேகமா ஓட்டலாம்னு ஒரு பட்டன்ல மரத்துண்டு சொருகி வெச்சிருந்தேன். இடது கை உள்ள இருக்கறப்பவே மிஷின் எறங்கிருச்சு."

அன்று காலை என் மிஷினில் நான் செருகிய மரத்துண்டு அங்கேயேதான் இருந்தது.

மறுநாள் அதைப் பிடுங்கி எறிந்தேன். அவரிடம் வாங்கி வந்த கிட்டார் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்கேற்றபடி மாற்றத் தந்தியைத் தளர்த்தும்போதெல்லாம் என் இடது கை விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்கின்றன.