பெரட்டுக்கு வராத கேப்டன்

என் வீட்டுக்காரர் லாபு பக்கம் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தார். விடியற்காலையில் பெரட்டு எடுப்பார். ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கூப்பிடும்போது இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அவன் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார். அழுதாலும் மாற்றமாட்டார்.

சாயங்காலம் தோட்டத்துப் பையன்களுக்குக் காற்பந்து பழக்குவார். அங்கேயும் பெரட்டுதான். ஒருமுறை நீலாய் பக்கத்துக் கல்லூரி டீம் எங்கள் திடலுக்கு வந்து ஆடித் தோற்றது. அவர்களுடைய மேனேஜர் நம்ம தமிழ் ஆள்.

"எங்க டீமுக்குத் தலைமைக் கோச்சா வந்துடுங்கண்ணே" என்றார்.

வீட்டில் நான் கேட்டேன். "முன்ன இருந்த கோச் எங்க போனாரு?"

"தோத்தாரு. போயிட்டாரு."

"நீங்க தோத்தா?"

"தோத்தாத்தானே."

தோட்ட வேலையை விட்டால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும். விட்டோம். ராசா பக்கம் வாடகை வீடு. எனக்கு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது.

முதல் வருஷமே கப் வாங்கினார்கள். கல்லூரி வாசலில் அவர் படத்தை மாட்டினார்கள். பாசாரில் மீன்காரர் என்னைப் பார்த்துச் சத்தம் போடுவார்.

"கோச்சம்மா! அந்தக் கப்புல என்ன ஊத்திக் குடிச்சீங்க?"

"ஒங்க மீன் கொழம்புதான். எடைய ஒழுங்கா போடுங்க."

அப்போதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் அரையிறுதி ஆட்டம். அன்றைக்கு எனக்கு லீவு. முதல் தடவையாக ஆட்டம் பார்க்கப் போனேன். கேப்டன்தான் கோல்கீப்பர். அவன் பெயரைக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. எல்லாப் பெயரும் முடிந்த பிறகு ஓடி வந்தான். கையெல்லாம் கறுப்பு.

"அங்கிள், மோட்டார் டயர் பஞ்சர் லா. தள்ளிக்கிட்டே வந்தேன்."

"பெரட்டு முடிஞ்சிருச்சு தம்பி. போய் உக்காரு."

கையுறையை வேறு பையனிடம் கொடுத்தார். அவன் அதுவரை பெரிய ஆட்டம் ஆடியதில்லை. மேனேஜர் இறங்கி ஓடினார்.

"அண்ணே, இது எஸ்டேட் இல்ல லா! அவன உள்ள விடுங்க."

"ஒருத்தனுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும் சார்."

மேனேஜர் திரும்பி வந்து எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. மூன்றாவது கோல் விழுந்ததும் போனை எடுத்தார்.

"அந்த ஜொகூர் கோச் இன்னும் சும்மாதான் இருக்காரா? திங்கக்கிழமையே வரச் சொல்லுங்க."

ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தது. என் வீட்டுக்காரர் கோட்டோரம் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

தோற்றுத் திரும்பும்போது காரில் அவர் சொன்னார். "புதுக் கீப்பருக்குத் தனியா பழக்கணும். பயப்படறான்."

மேனேஜர் போனில் பேசியதைச் சொன்னேன்.

"ஆட்டம் முடியறதுக்கு முன்னாடியேவா?"

"மூணாவது கோல் விழுந்ததும்."

"ம்."

திங்கட்கிழமை வழக்கம்போலக் கிளம்பினார்.

"எதுக்குங்க போறீங்க? வீட்டுலயே இருங்க, அவங்களே கூப்பிடட்டும்."

"பையனுங்க வந்து நிப்பானுங்க. சும்மா நிக்க வைக்க முடியாது."

அன்றைக்கு ஒருவன் பாக்கியில்லாமல் வந்திருந்தார்களாம். கேப்டன் எல்லாருக்கும் முன்னால் நின்றானாம். பெயர் கூப்பிட்டு முடித்த பிறகுதான் மேனேஜர் வந்து ஆபீசுக்கு அழைத்துப் போனார். எனக்கு அன்றைக்கு நைட் ஷிப்ட். மத்தியானத்துக்கு முன்பே இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். சோறு கேட்டார். போட்டேன்.

பிறகு ஒருநாள் தோட்டத்துக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். மண்டோர் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நாங்கள் இருந்த தோட்டத்து வீட்டில் வங்காளதேசத்து ஆட்கள் இருக்கிறார்கள். இப்போது இவர் என் ஃபேக்டரி வாசலிலேயே செக்யூரிட்டி கார்டாக நிற்கிறார்.

டிவியில் எந்த நாட்டிலாவது ஒரு கோச்சை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னால், "அவருக்குச் சொந்த வீடு இருக்குமா?" என்று கேட்பார். இருக்கும் என்பேன்.

அந்தப் பையனை அன்றைக்கு ஆட விட்டிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசுவதில்லை.