ஏழாவது ரேகை

பவன்குமாருக்குச் சங்கம் என்றால் சிரிப்பு. என் மகள் பத்மினியின் பிள்ளை அவன். தடா பக்கம் செல்போன் பண்ணுகிற கம்பெனியில் வேலை. போன மாசம் அங்கே பதினோரு பேர் கார்டைத் தேய்த்தார்களாம், கேட் திறக்கவில்லையாம். வேலை போன சங்கதியே அப்படித்தான் தெரிந்ததாம்.

"நீங்கள்லாம் ஒண்ணா போயி கேக்கலியாடா?"

"ஆயா, அதெல்லாம் பழைய காலம். இப்ப எச்.ஆர். மேடம் இருக்காங்க. ஆப்ல கம்ப்ளெய்ன்ட் போட்டா டிக்கெட் நம்பர் வரும்."

"வந்து?"

"வரும் ஆயா."

"நம்பர் வந்துச்சி. அப்புறம் என்னா ஆச்சின்னு கேக்கறேன்."

சங்கம் வேணுமா வேணாமா என்று கூட்டத்தில் பேச எனக்குத் தெரியாது. சுந்தரியைத் தெரியும். சொல்கிறேன், அவனே எழுதட்டும். சிரிக்காமல் எழுதட்டும்.

சுந்தரி ஆந்திராவில் பிச்சாட்டூர் பக்கம் இருக்கிற எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள். அவள் புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. மூணு மாசத்துக்கு ஒரு தரம் வருவான். பிள்ளை இல்லை. அந்த வருஷங்களில்தான் மாம்பழக் கூழ் கம்பெனிகள் ஒண்ணொண்ணாக வந்தன. வெளிநாட்டுக்கு டப்பாவில் போகிற கூழ். சீசன் வந்தால் கம்பெனிக்கு ஆள் பிடித்துவிடுகிற மேஸ்திரி பாலையா லாரி கொண்டு வருவான். நாற்பது பொம்பளைகள் நின்றுகொண்டே போவோம். நான் ஒரு பழம் அறுப்பதற்குள் சுந்தரி மூணு அறுத்துவிடுவாள்.

பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காயின் பால் சும்மா இல்லை. பத்து நாளில் விரல் நுனி வெந்து தோல் உரியும், நகம் கறுத்துப் போகும். சோற்றில் கை வைத்தால் காரம் உச்சந்தலைக்கு ஏறும். பத்மினிதான் எனக்கு உருட்டி ஊட்டுவாள். சுந்தரி கரண்டியில் தின்றாள்.

ஒருநாள் காலையில் எல்லாருக்கும் புதுசாகக் கையுறை கொடுத்தார்கள், தலைக்குத் தொப்பி கொடுத்தார்கள். கூழ் வாங்குகிற வெள்ளைக்காரர்கள் பார்க்க வந்தார்கள். பார்த்தார்கள், தலையாட்டினார்கள், போனார்கள். கார் கேட்டைத் தாண்டியதுமே சூப்பர்வைசர் ரங்கையா சாக்கைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏமம்மா, கிளவுஸ் இச்செய்" என்று தெலுங்கில் திருப்பிக் கேட்டான்.

எல்லாரும் கழற்றிப் போட்டோம். சுந்தரி போடவில்லை.

"சார், வெள்ளைக்காரன்தான் போயிட்டான். மாங்கா இன்னும் போவலியே."

நாற்பது பேரும் சிரித்தோம். ரங்கையாவுக்கு முகம் செத்துவிட்டது. அவள் கையைப் பிடித்து உருவினான். வெந்த தோலும் கூடவே வந்தது. சிரிப்பு நின்றுபோனது.

அன்றைக்கு லாரியில் வரும்போதே அவள் சொன்னாள்: "நம்மளும் ஒரு சங்கம் வெக்கலாம் ரத்னம்மா."

புத்தூரில் அண்ணாதுரை என்று ஒருத்தர் சங்க வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டோம். "ஏழு பேர் வேணும்மா. ஏழு பேர் ரேகை வெச்சா சங்கத்த பதிவு பண்ண மனு போடலாம். ஆறு பேர் வந்தா போட முடியாது" என்றார். சுந்தரி வீடு வீடாக ஏறி இறங்கினாள். நாற்பது பேரில் ஏழு பேர் சேர்ந்தோம். ஏழாவது நான். ஞாயிற்றுக்கிழமை புத்தூர் போவதாகப் பேச்சு.

சனிக்கிழமை பாலையா என் வாசலில் வந்து நின்றான். என்றைக்கும் இல்லாமல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

"ரத்னம்மாக்கா, பத்மினிக்கு வேல கேட்டுக்கினு இருந்தியே. பேக்கிங்ல ஒரு ஆள் வேணும். டப்பாவுக்கு லேபிள் ஒட்டறது. ஒக்காந்துகினே செய்யலாம், கை நனையாது. திங்கக்கிழமை அனுப்பு."

பத்மினிக்கு அப்போது பதினெட்டு. பெண் பார்க்க வருகிறவர்கள் கையைப் பார்க்காமல் போவார்களா? சரிப்பா என்றேன். சங்கத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்:

"நாளைக்கு எங்கயாச்சும் போறியாக்கா?"

"எங்கயும் போவல" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது.

புத்தூரில் ஆறு பேரும் மத்தியானம் வரைக்கும் காத்திருந்தார்களாம். மனுவை அப்படியே மடித்து வைத்துவிட்டாராம் அண்ணாதுரை.

திங்கக்கிழமை பத்மினியை முதலில் லாரியில் ஏற்றினான் பாலையா. புத்தூர் போன ஆறு பேரில் ஐந்து பேரை ஏற்றவில்லை. சுந்தரி மாதிரி கை வேகம் வேறு யாருக்கும் இல்லை. அவளை மட்டும் ஏற்றினான். ஆனால் அறுக்கிற மேஜையில் விடவில்லை, வேகமான கை வேணும் என்று கொட்டையும் தோலும் ஓடுகிற பெல்ட்டு முனையில் நிறுத்தினான். அவள் என்னை ஒண்ணும் கேட்கவில்லை. கேட்டால் காய்ச்சல் என்று சொல்ல வைத்திருந்தேன்.

மூணாவது வாரம் பெல்ட்டில் கொட்டை அடைத்துக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி ஓட நேரமாகும் என்று ஓடுகிற பெல்ட்டிலேயே கை விட்டு எடுக்கச் சொன்னான் ரங்கையா. எடுத்தாள். வலது கை மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போய்விட்டது. அவளை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பெல்ட்டைத் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். அரைமணி நேரத்தில் பெல்ட்டு ஓடியது. நாங்களும் அறுத்தோம்.

நஷ்டஈடு கேட்டதற்கு, "அவ எங்க ஆள் இல்ல, மேஸ்திரிய கேளு" என்றது கம்பெனி. "மிஷின் என்னுதா? கம்பெனிய கேளு" என்றான் பாலையா.

திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். காய்ச்சல் கதையெல்லாம் வாயில் வரவில்லை.

"பத்மினிக்கு வேல தரேன்னான். அதான் வரல" என்றேன்.

கட்டுக் கையை இடது கையால் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அப்புறம் கேட்டாள்:

"அவ கை நல்லாக்குதா?"

அது வசவா, அக்கறையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் அண்ணாதுரையோடு போய்த் திருப்பதி லேபர் ஆபீசில் சாட்சி சொன்னேன். சுந்தரி அங்கேதான் வேலை செய்தாள், கை விடச் சொன்னது ரங்கையா, என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லி ரேகை வைத்தேன். மறுநாளே பத்மினியை நிறுத்திவிட்டார்கள். எனக்கும் லாரி இல்லை. மற்ற பொம்பளைகள் ஒருத்தியும் சாட்சிக்கு வரவில்லை. அவர்களைத் திட்ட எனக்கு வாய் உண்டா?

வாய்தா மேல் வாய்தா. ஒன்பது தரம் திருப்பதிக்குப் போனேன். கம்பெனி பக்கம் வக்கீலோடு மூணு பேர் வருவார்கள். அண்ணாதுரைக்கு உடம்பு முடியாமல் போனது. சுந்தரியைப் புருஷன் பெங்களூருக்குக் கூட்டிப் போய்விட்டான். கட்டடத்துக்குக் காவல் இருக்கிறாள் என்றார்கள். அப்புறம் அந்த விலாசத்திலும் இல்லை என்றார்கள்.

ஒன்பதாவது தரம் அவள் பேரை மூணு தடவை கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்றேன்.

"நுவ்வு எவரு? நீ யாரு, சொந்தமா?" என்று கேட்டார் ஆபீசர்.

"லேது சார்."

"சங்கமா?"

"லேது சார்."

"அப்ப நீ எதுக்கு நிக்கற? கூர்ச்சோ."

நான் உட்காரவில்லை. ஆள் வரவில்லை என்று எழுதி, குமாஸ்தா சுந்தரியின் கேஸ் கட்டைச் சுற்றிக் கயிறு போட்டு அலமாரியில் வைத்தான். அடுத்த பேரைக் கூப்பிட்டார்கள். அந்த ஆளுக்குப் பின்னால் சங்கத்துத் துண்டு போட்ட எட்டு, பத்துப் பேர் எழுந்து வந்தார்கள். எனக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டியிருந்தது.