தஹ்சின் உஸ்தாவின் தலை

பஞ்சு சுற்றிய கம்பியை ஸ்பிரிட்டில் நனைத்து, லைட்டரால் பற்றவைத்து, நாற்காலியில் இருப்பவரின் காதுமடலில் பட்பட்டென்று தட்டுகிறார் தஹ்சின். நெருப்பு தொட்ட இடத்தை அடுத்த நொடியே அவருடைய இடது உள்ளங்கை பொத்திவிடுகிறது. காதோரப் பூனைமுடி கருகி மணக்கிறது. முதல் தடவை வருபவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு அலறுவார்கள். "காதுக்கு ஒண்ணும் ஆகலப்பா. சந்தேகமா இருந்தா எண்ணிப் பாத்துக்க, ரெண்டு இருக்கும்" என்பார்.

இஸ்தான்புல்லில், குர்துலுஷ் மேட்டுத் தெருவில், ஊறுகாய்க் கடைக்கும் சாவி செய்பவருக்கும் நடுவே மூன்று நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை அவருடையது. தொழிலில் கைதேர்ந்தவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'உஸ்தா'. ஒன்றில்தான் வேலை நடக்கும். மற்ற இரண்டும் டீ குடிக்க வருகிறவர்களுக்கு. "எப்படி வெட்டணும்?" என்று தஹ்சின் யாரையும் கேட்பதில்லை. தர்பூசணி பொறுக்குகிறவரைப் போலப் பத்து விரலாலும் மண்டையை அழுத்திப் பார்ப்பார். "உச்சியில ரெட்டைச் சுழி. அதான் இந்தப் பக்கம் படிய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுப்பார். கத்தி தொண்டைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார். யார் என்ன கேட்டாலும் பதில் வராது. சவரம் முடிந்து, எலுமிச்சைக் கொலோனை உள்ளங்கையில் கொட்டி வாடிக்கையாளரின் கன்னத்தில் தட்டிய பிறகு, விட்ட இடத்திலிருந்து வாக்கியத்தை முடிப்பார். அதற்குள் கேள்வி கேட்டவர் எழுந்து போயிருப்பதும் உண்டு.

போன வருடக் கோடை வரை இத்தனையும் தலையில் ஒரு கம்பளித் தொப்பியோடு நடந்தது. கருநீலத் தொப்பி. முன்னால் புருவம்வரை, பின்னால் பிடரிவரை இழுத்துவிட்டிருப்பார். ஜூலை மாதத்து மதியத்தில், மின்விசிறி அனல்காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதும் அது இறங்காது. வியர்வை காதோரம் வழிந்து சட்டைக் காலருக்குள் போகும். "குளிருதா உஸ்தா?" என்று கேட்டவர்களிடம், "சைனஸ்" என்பார். ஊறுகாய்க் கடைக்காரர் மட்டும் வருவோர் போவோரிடமெல்லாம், உள்ளே தங்கக் கட்டி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் தலையைப் பற்றி யாரும் வெட்கப்படாத தெரு அது. இரண்டு சந்து தள்ளி முடி நடும் கிளினிக்குகள் வரிசையாக இருக்கின்றன. நெற்றியில் கறுப்புப் பட்டை, மழித்த மண்டை முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், உச்சியில் நீர்க்குடம் இருப்பது போன்ற எச்சரிக்கையான நடை என்று எல்லா நாட்டு ஆண்களும் அந்த வழியாகப் போவார்கள். தஹ்சின் அவர்களுக்கு வைத்த பெயர் 'நாத்து நட்டவங்க.' கடைவாசலில் வேன் நின்று ஹாரன் அடித்தால், "டேய், நாத்து நட்டவர் போறார். அதிர்ச்சியில பயிர் சாஞ்சிடப் போகுது" என்று கத்துவார்.

அவரும் நட்டுக்கொண்டவர்தான்.

முப்பத்தாறு வயதில் அவருக்கு நெற்றி மேலேறத் தொடங்கியது. மற்றவர்களுக்கு அது காலையில் ஒரு நிமிடக் கவலை. நாள் முழுக்கக் கண்ணாடி முன் நின்று பிறர் முடியைக் கையில் வாங்கும் மனிதருக்கு அப்படி விட முடியவில்லை. வாடிக்கையாளர்களும் சும்மா விடவில்லை. "கீழே கொட்டினதைக் கூட்டித் தள்ளாதீங்க உஸ்தா, கொஞ்சம் எடுத்து ஒட்டிக்கோங்க" என்றார் ஒருவர். கடையே சிரித்தது, தஹ்சினும் சிரித்தார். அந்த வாரமே, தெரிந்த தரகர் ஒருவர் சொன்ன இடத்துக்குப் போனார். ஓர் ஓட்டலின் பின்பக்கத்து அறை. டாக்டர் எங்கே என்று கேட்டபோது, "கை பழகின பசங்க இருக்காங்க, கவலைப்படாதீங்க" என்றார்கள். இரண்டு பேர் அன்றைய பந்தாட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே நட்டார்கள். கோல் விழுந்த கதை வந்தபோதெல்லாம் ஊசி ஆழமாக இறங்கியதாக இன்றும் சொல்வார்.

முடி முளைக்கத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு முடியும் ஒரு குழிக்குள்ளிருந்து முளைத்தது. முன்வரிசை முழுக்க ஆரஞ்சுத் தோலைப் போலப் புள்ளி புள்ளியாக உள்வாங்கியிருந்தது. குழி ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று நான்கு முடி, துடைப்பக்குச்சி போல நட்டுக்கொண்டு நின்றது. முடி எடுத்த பின்மண்டையில் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். அவற்றில் ஓரிடம் சீழ்பிடித்து ஆறி, வழுவழுவென்று ஒரு காசளவுக்கு வெறும் தோலாகிவிட்டது. ஓட்டல் அறைக்குத் திரும்பப் போனபோது அங்கே பைகள் விற்கும் கடை வந்திருந்தது.

தொப்பி அன்று ஏறியது. வீட்டிலும் இறங்கவில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் கழற்றுவார், விடிவதற்குள் போட்டுக்கொள்வார். மனைவி நெர்மின் கல்யாண உடைக் கடையில் மணி கோத்துத் தைப்பவர், வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவர். "ரெண்டு வருஷமா ஒரு தொப்பியோட குடித்தனம் நடத்துறேன். அது நல்ல தொப்பிதான், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கணவர் காதுபடச் சொல்வார். தனியாக இருக்கும்போது ஒரே ஒரு தடவை, "நான் பாத்தா என்ன ஆயிடும்?" என்று கேட்டார். தஹ்சின் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். நெர்மின் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

தனக்குத் தானே வைத்தியமும் பார்த்துக்கொண்டார். பூண்டு தேய்த்தார், ஆலிவ் எண்ணெயில் ஊறினார். தழும்பை மறைக்கும் கறுப்புப் பொடி ஒன்றை வாங்கித் தூவிக்கொண்டு, தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்துக்குத் தொப்பியில்லாமல் போகலாம் என்று ஒரு நாள் துணிந்தார். அதற்கு முன் கடையில் ஒத்திகை பார்த்தார். குனிந்து ஒருவரின் கிருதாவைச் சீராக்கும்போது நெற்றி வியர்வை கறுப்பாக ஒழுகி வாடிக்கையாளரின் வெள்ளைத் துணியில் சொட்டியது. "உஸ்தா, மை கசியுது" என்றார் அவர் நல்ல மனதோடு. நிச்சயதார்த்தத்துக்கு நெர்மின் தனியாகப் போனார்.

போன வருட ஜூனில் ஒரு மதியம் தோல்கா வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மினிபஸ் ஓட்டுகிறவன், உச்சியில் முடி இளைத்தவன். ஜன்னலோர நாற்காலியில் ஹிக்மெத் கேப்டன், ஓய்வு பெற்ற பயணிக் கப்பலோட்டி, முகத்தில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷினைப் போட்டு மொத்தமா எடுத்துடுங்க உஸ்தா. நாளைக்குக் காலைல நடப்போறேன்."

"எங்க?"

"ஓட்டலுக்குப் பின்னாடி ஒரு இடம். அரை நாள்ல அனுப்பிடுவாங்களாம்."

"டாக்டர் யாரு?"

"டாக்டர் எல்லாம் தெரியாது. கை பழகின ஆளுங்க இருக்காங்கன்னு சொன்னாங்க."

மெஷின் தஹ்சினின் கையில் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்தார். அதே வார்த்தை. தோல்காவின் முகத்தில், அன்று தனக்கிருந்த அதே சந்தோஷம். மழித்து அனுப்பிவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டார், திரையை இழுத்துவிட்டார். தோல்கா கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தஹ்சின் அவன் முன்னால் வந்து நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்தார்.

"தொட்டுப் பாரு."

தோல்கா ஒரு விரலை வைத்தான். விரல் நுனி குழியில் இறங்கியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். அதுவரை உஸ்தா என்று அழைத்தவன், "வலிக்குதா அண்ணே?" என்று கேட்டான்.

"வலி எப்பவோ போயிடுச்சு. தினமும் இந்தக் கண்ணாடிக்கு முன்னாடி வேலைக்கு வரணும்ல, அதுதான்."

"அப்போ நடவே கூடாதுங்கறீங்களா?"

"நடாதேன்னு சொல்லலப்பா. எத்தனை பேர் நல்லா நட்டுக்கிட்டு இதே தெருவுல போறாங்க! யார் கை வைக்கப் போறான்னு கேளு. அவன் மூஞ்சியைப் பாரு. மூஞ்சியையே காட்டாதவன்கிட்ட மண்டையைக் கொடுக்காதே."

ஜன்னலோரம் செய்தித்தாள் சரசரத்தது. "அடப்பாவி, தங்கம்னு இல்ல சொன்னான் ஊறுகாய்க்காரன்" என்றார் கேப்டன், தாளின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே.

தஹ்சின் அவசரமாகத் தொப்பியை மாட்டிக்கொண்டார். "நீங்க தூங்கலையா ஐயா?"

"முப்பது வருஷம் கப்பல் ஓட்டினவன். என் குறட்டையை நம்பாதே." தாளை மடித்து மடியில் வைத்தார். "என் பொண்ணு பெரிஹானுக்கு ஆஸ்பத்திரியில இதுதான் வேலை. கண்ட இடத்துல நட்டுக்கிட்டு வந்தவங்க தலையைச் சரி பண்றா. நீ சைனஸ்னு சொன்னதை நம்பி நான் இத்தனை நாளா சும்மா இருந்துட்டேன். இந்தா, இப்பவே அவளுக்கு போன் போடறேன்."

"வேணாம் ஐயா, அப்புறம் பாத்துக்கலாம்."

"அண்ணே, நானும் கூட வரேன்" என்றான் தோல்கா. "எனக்கும் கேக்கணும்ல?"

கடைசியில் கூடப் போனது நெர்மின். அன்று இரவுச் சாப்பாட்டின்போது ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதாகத் தஹ்சின் சொன்னார். நெர்மின் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நானும் லீவு சொல்லிடறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஆஸ்பத்திரியின் வெள்ளை விளக்கின் கீழ் தொப்பி இறங்கியது. பெரிஹான் கையுறை மாட்டிக்கொண்டிருக்கும்போதே நெர்மின் எழுந்து வந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கணவரின் தலையை முதல் முறையாகப் பார்த்தார். தஹ்சின் கண்ணை இறுக்கி மூடியிருந்தார். பரிதாபத்துக்கோ அழுகைக்கோ தயாராக உட்கார்ந்திருந்தவர் காதில் விழுந்தது வேறு.

"எவன் தைச்சான் இதை? ஊசியை இப்படியா இறக்குவான்? எங்க கடையா இருந்தா முதல் நாளே வெளிய அனுப்பியிருப்போம்!"

டாக்டர் சிரித்துவிட்டார். தஹ்சின் கண்ணைத் திறந்தார். நெர்மின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். "இதுக்கா என்கிட்ட ஒளிச்சீங்க?" என்றார் திரும்பாமலே.

பெரிஹான் மறைக்காமல் சொன்னார். "வேரை ரொம்ப ஆழமாப் புதைச்சிருக்காங்க. புண் ஆறும்போது தோலை உள்ளே இழுத்துடுச்சு. முன்வரிசையில மோசமா இருக்கிறதை ஒவ்வொண்ணா எடுத்துட்டு, ஆறினப்புறம் சரியான மட்டத்துல திரும்ப வைக்கலாம். மேலோட்டமா இருக்கிற குழிங்களுக்கு லேசர். பின்னாடி எடுக்க முடி மிச்சமில்ல. தாடையில நல்லா அடர்த்தியா இருக்கு, அங்கேயிருந்து எடுத்து அந்தத் தழும்பை மூடலாம். பொறுமை வேணும். முழுக்க வழவழன்னு ஆகும்னு நான் சொல்லமாட்டேன்."

"எந்த அளவுக்கு ஆகும் டாக்டர்?"

"எதிர்ல நின்னு பேசறவங்க உங்க கண்ணைப் பாத்துப் பேசுவாங்க. அந்த அளவுக்கு."

தஹ்சினுக்கு அது போதுமாக இருந்தது. அதற்கு முன் அவரிடம் யாரும் முடியாததை முடியாது என்று சொன்னதில்லை, அதனால் முடியும் என்று சொன்னதை நம்பினார்.

குழிகளை எடுத்த வாரம் தலையில் கட்டோடு கடைக்கு நடந்து வந்தார். ஊறுகாய்க் கடைக்காரர் தெருவுக்கே கேட்கும்படி, "ஹாரன் அடிக்காதீங்கப்பா, நாத்து நட்டவர் போறார்!" என்று கத்தினார். தஹ்சின் நின்று, கழுத்தை அசைக்காமல் முழு உடம்பையும் திருப்பி, "இது களை எடுத்தது. நடவு அடுத்த பருவம்" என்றார். லேசர் வைத்த நாட்களில் நெற்றி பீட்ரூட் நிறத்தில் இருந்தது. எரிச்சலில் தூக்கம் வராது. நெர்மின் டாக்டர் கொடுத்த களிம்பை, மணி கோக்கும் அதே நிதானத்தோடு ஒவ்வொரு புள்ளியாகத் தடவுவார். விளக்கு எரிந்துகொண்டிருக்கும். ஒரு தடவை குழி எதிர்பார்த்தபடி மேலே வரவில்லை. பெரிஹான் இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார். பொறுத்தார், அது வந்தது.

தாடை முடி பின்மண்டையில் பிடித்துக்கொண்டு சுருள் சுருளாக வளரத் தொடங்கியபோது கடையில் புது வழக்கு ஒன்று கிளம்பியது. "தாடியைத் தலைக்கு ஏத்தியிருக்கேன். இப்ப இதுக்கு முடி வெட்டணுமா, சவரம் பண்ணணுமா?" என்று வருகிறவர்களையெல்லாம் தஹ்சின் கேட்டார். தோல்கா சவரம் என்றான். அவனும் பெரிஹானைப் போய்ப் பார்த்துவிட்டு, வயது இருக்கிறது, மருந்து போட்டுக்கொண்டு காத்திரு என்ற பதிலோடு திரும்பியிருந்தான். இன்னும் காத்திருக்கிறான். கொட்டுவது நின்றிருக்கிறது.

இந்தக் கோடையில் தஹ்சின் வெறுந்தலையோடு வேலை செய்கிறார். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது நெற்றியோரம் சில குழிகள் இன்னும் தெரியும், மணலில் தூறல் விழுந்தது போல. புதிதாக வருபவர்களின் பார்வை அங்கே ஒரு நொடி நிற்பது அவருக்குத் தெரிகிறது. முன்பெல்லாம் அந்த ஒரு நொடிக்குப் பயந்தவர், இப்போது "முடி நடப் போறீங்களா? முதல்ல இதைப் பாத்துட்டுப் போங்க" என்று அவரே குனிந்து காட்டுகிறார். சிலர் தொட்டும் பார்க்கிறார்கள்.

போன சனிக்கிழமை ஹிக்மெத் கேப்டனுக்கு முடி வெட்டி முடித்து, கழுத்துத் துணியை உதறினார். வழக்கம்போலக் கைக்கண்ணாடியை எடுத்து அவர் பிடரிக்குப் பின்னால் பிடித்தார். கேப்டன் பார்க்கவில்லை. எழுந்து கண்ணாடியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"இத்தனை வருஷமா என் பின்மண்டையை எனக்கே காட்டிக்கிட்டிருக்க. எனக்கு அது மனப்பாடம். நீ உக்காரு."

தஹ்சின் நாற்காலியில் உட்கார்ந்தார். கேப்டன் அவருக்குப் பின்னால் நின்று கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். பழக்கமில்லாத கை, கண்ணாடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பெரிய கண்ணாடிக்குள் சின்னக் கண்ணாடி, அதற்குள் பாதிப் பின்மண்டையும் பாதிச் சுவரும். தஹ்சின் கையைப் பின்னால் நீட்டி, கிழவரின் மணிக்கட்டைப் பிடித்து, நன்றாகத் தெரியும்படி லேசாக இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.