காதர் பாய் விட்ட ஜிலேபி

செட்டியார்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் காதர் பாய் மீன் விற்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. கட்லா, ரோகு எல்லாம் வரும். ஆனால் பிழைப்பை ஓட்டுவது ஜிலேபிக் கெண்டைதான். கண்மாயிலிருந்து உயிரோடு வந்து தொட்டியில் கிடக்கும். "ஜிலேபி இருக்கா பாய்?" என்று வண்டியை நிறுத்துகிற யாரும் இனிப்பை நினைத்து நிறுத்துவதில்லை. பாய்க்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் செதிலும் முள்ளும்தான் கண்ணுக்கு வரும்.

போன வருஷம் கால் எரிகிறதென்று ராஜபாளையத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனார். சர்க்கரை முந்நூற்றைத் தாண்டியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். சாப்பாட்டு விவரம் சொல்ல நர்ஸ் ஹெப்சிபா உட்காரவைத்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், வேலைக்குப் புதுசு.

"தினமும் என்ன சாப்பிடுவீங்க பாய்?"

"மத்தியானம் ஜிலேபி, ராத்திரியும் ஜிலேபி. யாவாரமே அதானம்மா. மிஞ்சுனது வீட்டுக்குத்தானே வரும்."

ஹெப்சிபா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அதான் சுகர் இப்படி ஏறிக் கிடக்கு. இனிமே ஜிலேபியத் தொடவே கூடாது."

"தொடாம எப்படிம்மா விக்கிறது?"

"விக்கிறத வித்துக்கோங்க. வாயில வைக்காதீங்க."

பாய் சொன்னபடி நடந்தார். மனைவி மைமூன் மீன் குழம்பு வைக்கிற நாளில் அவருக்கு மட்டும் உருளைக்கிழங்கு. நாக்குக்கு ஒன்றும் பிடிக்காமல் ரசத்தை ஊற்றி ஊற்றி, சோற்றை முன்னைவிடக் கூடவே தின்றார்.

ஒருநாள் வாடிக்கைக்காரர் சுந்தரபாண்டியன், மீனை வெட்டக் கொடுத்துவிட்டு, "ஒம்ம வீட்டுல இன்னைக்கு வறுவலா?" என்று கேட்டார்.

"நான் ஜிலேபி திங்கிறதில்லண்ணே. ஆஸ்பத்திரியில ஆகாதுன்னுட்டாவ."

உள்ளதைத்தான் சொன்னார். ஆனால் பேச்சு சோழபுரம் வரைக்கும் போய்விட்டது. விற்கிறவனே தின்ன மாட்டேன் என்கிறான், கண்மாய்த் தண்ணியில் என்னமோ கலந்திருக்கு என்றார்கள். காலையிலேயே தீர்ந்துவிடுகிற மீன் மதியம் தாண்டியும் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. வெயிலுக்குப் பயந்து ஜனம் வரவில்லை என்று பாய் நினைத்தார்.

அடுத்த தடவை ரத்தம் பார்க்க மைமூனும் கூடப் போனாள். சர்க்கரை இறங்கின பாடில்லை.

"ஜிலேபிய விட்டீங்களா இல்லையா?" ஹெப்சிபாவின் குரல் உயர்ந்தது.

மைமூனுக்குப் பொறுக்கவில்லை. "அவிய மீன் சட்டிப் பக்கமே வாரதில்லம்மா! கொழம்புகூட ஊத்திக்கிறதில்ல."

"மீனா?"

முதலில் சிரித்தது மைமூன். ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "மன்னிச்சிருங்க பாய். எங்க ஊர்ல கடல் மீன்தான். நான் இனிப்புன்னு நெனச்சிட்டேன்" என்றாள். மீன் நல்லது, சோற்றையும் கிழங்கையும்தான் குறைக்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

கண்மாய்த் தண்ணிப் பேச்சு அதற்குள் பாய் காதுக்கும் வந்துவிட்டது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் விளக்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார்களே தவிர யாரும் நம்பவில்லை. கடைசியில் மைமூன் அடுப்பைத் தூக்கிக் கடைக்கே கொண்டுவந்தாள். ரோட்டோரமாக ஸ்டூலில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, வறுத்த ஜிலேபியைப் பாய் ஆற அமரத் தின்றார். நடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அம்புட்டு ஆசை தேங்கிக் கிடந்தது. வாசனைக்கு ரெண்டு பைக் நின்றது. "எனக்கும் ஒண்ணு போடுங்க பாய்" என்றான் ஒருவன். அன்றிலிருந்து வறுவலும் வியாபாரமாயிற்று. பழைய ஆட்களும் ஒவ்வொருவராய்த் திரும்பினார்கள்.

சுந்தரபாண்டியன் மட்டும் வரவில்லை. அவர் வீட்டில் இப்போது கோழிதானாம்.