கடைசி ரீலும் கல்யாணப் பாட்டும்

"இன்னிக்கி மேட்னிக்கும் அந்தப் படந்தான்யா. கல்யாணப் பாட்டோட முடிச்சிடு."

முதலாளி கேபின் படியேறி வந்து இதைச் சொன்னபோது, புரொஜக்டர் விளக்கில் எரிப்பதற்காகக் கையில் வைத்திருந்த கார்பன் குச்சியை உடைத்து எறியலாமா என்றிருந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் இருந்த தியேட்டரில் நான் ஆபரேட்டர். புதுப்படம் எது படுத்தாலும் முதலாளி அந்தக் கறுப்பு வெள்ளைக் காதல் படத்தின் பெட்டியைத்தான் வரவழைப்பார். படத்தின் பேரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்களும் பாட ஆரம்பித்துவிடுவீர்கள். அந்தப் பிரிண்டில் அறுந்து நான் ஒட்டாத இடமே கிடையாது. ஒவ்வொரு ஒட்டும் மெஷினில் விளக்குக்கு முன்னால் ஃபிலிம் ஓடும் கேட்டில் வந்து தடதடக்கும்போது என் உயிர் போய் வரும். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

பெண் பார்க்கும் மேட்னி

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணை வீட்டில் வைத்துப் பார்த்து, பிடிக்காமல் போனால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் தியாகதுருகத்துப் பெண் வீட்டாரும் எலவனாசூர்கோட்டை மாப்பிள்ளை வீட்டாரும் ஆளுக்கொரு பஸ்ஸில் வந்து இறங்கி, தற்செயலாகச் சந்தித்த மாதிரி தியேட்டரில் உட்காருவார்கள். காதல் படம், பாட்டு நன்றாக இருக்கும், அடிதடி இல்லை. இதற்கென்றே எடுத்த படம் என்று நினைத்துவிட்டார்கள்.

ஒரே தொல்லை, கடைசி ரீல். சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போன கதாநாயகன் அதில் திரும்பி வருவான். அவனுக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கதாநாயகி கதவைச் சாத்திக்கொள்வாள். அவ்வளவுதான் படம். பெண் பார்க்க வந்த இடத்தில் பிரிவைப் பார்ப்பதா என்று பெரியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். மேட்னியில் மட்டும் கடைசி ரீல் கிடையாது. நடுவில் வரும் கனவுப் பாட்டில் இருவருக்கும் கல்யாணம் நடக்கும் அல்லவா, அந்த ரீலை மறுபடி சுற்றி ஏற்றி, தாலி கட்டும் இடத்தில் திரையை இறக்கவேண்டும்.

இரட்டை வேலை எனக்கு. சாயங்காலக் காட்சிக்கு முழுப் படம். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு "அவங்க சேரல" என்பார்கள். மேட்னி பார்த்தவர்கள் "தாலி கட்டுனத நான் கண்ணால பாத்தேன்யா" என்பார்கள். டீக்கடையில் அடிதடி நடக்காத குறை. வழக்கு கடைசியில் என்னிடம்தான் வரும்.

படியேறி வந்த பெண்

அன்றைக்கு இடைவேளையில் ஒரு பெண் கேபின் வாசலில் வந்து நின்றாள். பேர் கஸ்தூரி.

"அண்ணே, படத்துல அந்தப் பொண்ணு கல்யாணம் பண்ணிக்கினாளா, இல்லியா?"

"கீழ போம்மா. இங்கெல்லாம் வரக்கூடாது."

"என்னைப் பொண்ணு பாக்கன்னு இட்டாந்து இதே படத்த ரெண்டு தபா காட்டிட்டாங்க. இது மூணாவது. கடைசில வர்ற கல்யாணம் நடுவுல வந்த பாட்டுதானே? அதே பொடவ, அதே பூ."

நான் ரீல் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"மாப்ள இன்னா வேல செய்றாருன்னு கேட்டா எங்கம்மா பேச்ச மாத்துறாங்க. எனக்கு எதையும் முழுசா சொல்ல மாட்டாங்களாம். படத்தையாச்சும் முழுசா காட்டுங்கண்ணே. இதுவும் அமையலன்னா என்னை இனிமே தியேட்டருக்கே இட்டார மாட்டாங்க."

அவள் கீழே போய்விட்டாள். பாட்டு ரீலைக் கையில் எடுத்தேன். எரிச்சல் எரிச்சலாக வந்தது. முதலாளி மேலா, ஊர் மேலா, அந்தப் படத்தின் மேலா, தெரியாது. அதைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி ரீலை மாட்டினேன்.

கல்யாணப் பாட்டு வராமல் கதாநாயகன் திரையில் திரும்பி வந்ததுமே கீழே கூச்சல். மாப்பிள்ளையின் அம்மா, "அபசகுனம்! எழுந்திருடா!" என்று மகன் கையைப் பிடித்து இழுத்தார். கஸ்தூரியின் அம்மா மகளை இழுத்தார். அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. முதலாளி மூச்சிரைக்க மேலே வந்து கத்தினார். "யோவ், இன்னாய்யா பண்ற? நிறுத்து!"

"ஒட்டுப்போட்ட ரீல், முதலாளி. நடுவுல நிறுத்துனா தீப்புடிக்கும்" என்றேன். அது உண்மையும்கூட.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் திட்டு வாங்கக் கீழே போனேன். அம்மா இழுத்துப் போன அந்த மாப்பிள்ளை வாசல் திரைக்கு உள்ளேயே நின்று முழுவதையும் பார்த்திருக்கிறான். எல்லார் முன்னாலும் நேராகக் கஸ்தூரியிடமே கேட்டான்.

"வந்தவனுக்கு முன்னால கதவ சாத்திட்டாளே, அது சரிங்களா?"

"பின்ன? போறப்ப சொல்லிக்கினா போனான்?"

"நான் லாரி ஓட்றேங்க. வாரத்துல பாதி நாள் வூட்ல இருக்க மாட்டேன். ஆனா சொல்லிட்டுத்தான் போவேன்" என்றான். மறைத்து வைத்திருந்த வேலை அதுதான். கஸ்தூரி முதல்முறையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். ஐப்பசியில் கல்யாணம்.

அதோடு எனக்கு விமோசனம் என்றா நினைக்கிறீர்கள்? செய்தி பரவி, பெண் பார்க்க வந்த பெண்களெல்லாம் கடைசி ரீல் போட்டால்தான் ஆச்சு என்று உட்கார ஆரம்பித்தார்கள். பெட்டி வருவது இன்னும் அதிகமாயிற்று. முடிவு தெரியாததால்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரிந்த பிறகும் வந்தார்கள். அந்தப் படத்தில் என்னதான் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இப்போது பொத்தானை அழுத்திப் படம் ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். முடிவு பிடிக்காதவர்கள் எழுந்து போகட்டும், கதவு திறந்துதான் இருக்கிறது. ஒரே ஒரு ஆள் நாற்காலியை விடாமல் உட்கார்ந்திருந்தாலும் படத்தை முழுசாக ஓட்டுங்கள்.