ஆறாவது வீச்சு

அந்தக் கூடைப்பந்து அணியில் அவரைச் சுவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாக எதிராளியின் வழியை மறித்து நின்று, பந்து போடுகிறவனுக்கு இடம் பண்ணிக் கொடுப்பதே அவர் வேலை. போடுகிறவன் பெயர் சின்னவன். வந்து மூன்றே வருடம். அதற்குள் பேருந்தின் முதுகில் அவன் படம், பிள்ளைகளின் சட்டையில் அவன் எண்.

சுவர் இருந்தால்தானே சித்திரம் என்று யாராவது ஆறுதல் சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். சுவரை யார் பார்க்கிறார்கள்? பயிற்சிக்கு முதலில் வருவதும் அவர்தான், கடைசியாகப் போவதும் அவர்தான். சின்னவனோ வியர்வை காய்வதற்குள் கிளம்பிவிடுவான். அவனிடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று புலம்பிப் புலம்பி, மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

அரையிறுதியில் சின்னவனுக்குக் கை கூடவேயில்லை. தொடர்ந்து ஐந்து வீச்சும் வளையத்தில் பட்டுத் தெறித்தன. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். கடைசிப் பந்தைச் சுவர் போடட்டும் என்றார் பயிற்சியாளர். சொன்னபடியே பந்து வந்தது. எதிரே ஈ காக்கை இல்லை. ஆனால் இரண்டு பேருக்கு நடுவில் நின்று சின்னவன் கையைத் தூக்கிக் கேட்டான். இவர் கொடுத்துவிட்டார். அவன் போட்டான், விழவில்லை.

செய்தியாளர்கள் மொய்த்தபோது, தோல்விக்குத் தான்தான் காரணம் என்றான் சின்னவன். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது இவரை இன்னும் எரித்தது. கூட்டம் கலைந்ததும் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அஞ்சு தடவை தப்பின பிறகும் எந்த தைரியத்துலடா கேட்ட?"

"ஆறாவது விழும்னு தோணுச்சுண்ணே," என்றான். ஷூ கயிற்றை அவிழ்த்தபடியே, "நீங்க ஏன் கொடுத்தீங்க?" என்று கேட்டான்.

அவர் எழுந்து பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

வீடு திரும்பும்போது மனைவிதான் கார் ஓட்டினாள். அவர் வழி நெடுகப் பயிற்சியாளரைத் திட்டினார், நடுவரைத் திட்டினார். சிக்னலில் வண்டி நின்றதும் அவள் கேட்டாள்: "அவன் கேட்டான்னு கொடுத்தீங்களா, பந்து உங்ககிட்டேருந்து போனாப் போதும்னு கொடுத்தீங்களா?"

பச்சை விழுந்தது. "வண்டியை எடு," என்றார் அவர்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் கங்கணம் கட்டிக்கொண்டு இறங்கினார். முதல் பந்தையே கேட்டு வாங்கிப் போட்டார். தப்பியது. அரங்கம் உச்சுக் கொட்டியது. அடுத்ததையும் கேட்க வேண்டும் என்று தெரிந்தும் கை எழவில்லை. கால் தானாகப் போய் எதிராளியை மறித்து நின்றது. அந்த இடைவெளியில் சின்னவன் புகுந்து பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு, ஓடிவந்து இவர் தோளைத் தட்டினான்.

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தார்.