ஓரகத்தி சொந்தமா

அரசாங்கம் என்னை ஒரு மன்றத்தில் உறுப்பினராகப் போட்டபோது எங்கள் கனகசெட்டிக்குளத்தில் பாதிப்பேர் நம்பவில்லை. மீன் கூடை சுமந்தவளுக்கு மைக் வைத்த மேசையா என்று கேட்டார்கள். ஆமாம், மைக் வைத்த மேசைதான். எனக்கு முன்னால் தண்ணீர் பாட்டில், என் பெயர் எழுதிய பலகை, உட்காரச் சுற்றுகிற நாற்காலி. முதல் நாள் அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்தேன். யார் பார்த்தால் எனக்கென்ன?

அது முதியோருக்கான மன்றம். சட்டம் போட்டு உண்டாக்கியது. புதுச்சேரியில் யார் முதியோர் இல்லம் நடத்தினாலும் எங்கள் மன்றம் அங்கீகாரம் கொடுக்க வேண்டும், தவணை முடிந்தால் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். சும்மா கொடுத்துவிட மாட்டோம். நேரில் போய்ப் பார்ப்போம். டாக்டர் மருந்து அலமாரியைப் பார்ப்பார், நான் மெத்தையை அமுக்கிப் பார்ப்பேன், சாம்பாரை முகர்ந்து பார்ப்பேன். புகார் வந்தால் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கேட்போம். இதற்கெல்லாம் படித்தவர்களோடு கடலோரத்துப் பெண் ஒருத்தியும் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறதாம். அந்த ஒருத்தி நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. கையெழுத்துப் போடுவேன், எழுத்துக் கூட்டிப் படிப்பேன். மற்றதற்கு வாய் இருக்கிறது.

முதல் கூட்டத்துக்குப் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். வாசலிலேயே எங்கள் செயலர், இலாகாவில் இருந்து வந்த பிள்ளை, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"இன்னிக்குக் கோரம் இல்லம்மா. கூட்டம் நடக்காது."

கோரம் என்றால் நான் அறிந்தது ஒன்றுதான். விபத்து, கொலை, பார்க்கச் சகிக்காத கொடுமை.

"கோரம் இல்லன்னா நல்லதுதானேப்பா! தாராளமா நடத்துங்க" என்றேன்.

உள்ளே இருந்த தலைவர் அம்மா, அவர் ஓய்வு பெற்ற டாக்டர், சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாகிவிட்டது. ஐந்து பேராவது உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும், அந்தக் குறைந்தபட்சக் கணக்குக்குத்தான் அப்படி ஒரு பேர் என்று பிறகு சொன்னார். ஐந்து பேர் சேருவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு. ஒரு உறுப்பினர் காரைக்காலில், ஒருவர் மாஹேயில், ஒருவர் யானத்தில். ஒரே அரசாங்கம்தான். ஆனால் யானத்துக்காரர் இங்கே வந்து சேர்வதற்குள் ஒரு கல்யாணத்தை முடித்துவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கருவடிக்குப்பத்தில் ஒரு சின்ன இல்லம் இருக்கிறது. வயதான பெண்கள் மட்டும் இருக்கிற இடம். அதில் என் ஓரகத்தி இருக்கிறாள். என் வீட்டுக்காரருடைய அண்ணன் பெண்டாட்டி. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே அடுப்பில் சமைத்து, பக்கத்தில் பக்கத்தில் கூடை வைத்து மீன் விற்றவர்கள். ஒரே வாடிக்கைக்காரிக்காகச் சண்டை போட்டவர்கள். எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபிறகு, அவள் முட்டி தேய்ந்து உட்கார்ந்தபோது, என்னோடு வந்து இரு என்று கூப்பிட்டேன்.

"ஒன் ஊட்டுல ஒக்காந்து ஒன் பேச்சக் கேக்கறதுக்கு, நான் அனாதையாவே இருந்துக்கறேன்டி" என்று சொல்லிவிட்டு, அவளாக விசாரித்து அவளாகப் போய்ச் சேர்ந்த இடம் அது. வெள்ளிக்கிழமை தவறாமல் நான் பஸ் பிடித்துப் போவேன். குழம்பு கொண்டு போவேன். புளி அதிகம் என்பாள், உப்புப் பத்தவில்லை என்பாள், சட்டியை வழித்துச் சாப்பிடுவாள்.

அந்த இல்லத்தின் தவணை முடிகிற நேரம். புதுப்பிக்கிற வேலை எங்கள் மன்றத்தின் கையில். ஆனால் ஆள் சேராமல் கூட்டம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் வாய்தாவின் கடைசி நாளுக்கே வந்துவிட்டது. அன்றைக்குத் தீர்மானம் ஆகவில்லை என்றால் இல்லத்தை மூடியாக வேண்டும், உள்ளே இருப்பவர்களைக் காரைக்காலில் உள்ள இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். காரைக்கால்! இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் எப்படி வெள்ளிக்கிழமைதோறும் காரைக்கால் போவேன்? அவள்தான் யாரோடு சண்டை போடுவாள்?

அன்று காலை மண்டபத்துக்குள் நுழைந்ததும் தலைகளை எண்ணினேன். தலைவர் அம்மா, பேராசிரியை, பழைய ஹெட்மாஸ்டர், தொண்டு நிறுவனத்துக்காரர், நான். ஐந்து! எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. ஹெட்மாஸ்டரிடம், "எங்கயும் எழுந்து போயிடாதீங்க சார், அடக்கிக்கிட்டு ஒக்காருங்க" என்று சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

கருவடிக்குப்பம் பேச்சு வந்தது. பேச்சுக்கு முன்னால் செயலர் வழக்கமாகப் படிக்கிற வரியைப் படித்தார். இந்த விஷயத்தில் உறுப்பினர் யாருக்காவது சொந்தமோ ஆதாயமோ இருந்தால் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும்.

நான் கையைத் தூக்கினேன்.

"என் ஓரகத்தி அங்க இருக்கா."

செயலருக்கு வேர்த்துவிட்டது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கணவன், மனைவி, பிள்ளைங்க, கூடப்பொறந்தவங்க, அவங்களக் கட்டினவங்க, நாத்தனார், கொழுந்தன்... இவ்ளோதாம்மா இருக்கு. ஓரகத்தின்னு இதுல இல்ல."

"நல்லாத் தேடிப் பாருப்பா."

"இல்லம்மா. சட்டப்படி அவங்க ஒங்களுக்குச் சொந்தம் இல்ல. நீங்க தாராளமா ஒக்காரலாம்."

தொண்டு நிறுவனத்துக்காரர், "ரத்த சொந்தம் கெடையாதுல்ல, அப்புறம் என்னம்மா?" என்றார்.

"ரத்தம் கெடையாது சார். ஆனா ரத்தம் வர்ற அளவுக்கு அடிச்சிக்கிட்டிருக்கோம்."

பேராசிரியை சிரித்தார். தலைவர் அம்மா சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். "நல்லா யோசிச்சிக்குங்கம்மா. நீங்க வெளிய போனா நாங்க நாலு பேர். கோரம் போயிடும். அந்த இல்லம் இன்னியோட சரி. புத்தகம் ஒங்கள ஒக்காரச் சொல்லுது. நான் தடுக்க மாட்டேன்."

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். கையைத் தூக்கினால் முடிந்தது. என் நெஞ்சு அடித்துக்கொண்டது மைக்கில் கேட்டிருக்கும். ஆனால் வாயைத் திறந்து, ஐந்து பேருக்கு முன்னால், அவள் எனக்கு ஒன்றும் இல்லை என்று ஒப்புக்கொண்டு உட்காருவதா? அவள் புருஷனும் என் புருஷனும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். என் பிள்ளைக்கு அவள் பெரியம்மா. எனக்குப் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் கிடந்தபோது அவள்தான் தன் பிள்ளையோடு சேர்த்து என் பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். புத்தகம் எழுதினவருக்கு ஓரகத்தி இல்லை போலிருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?

"சொந்தந்தான். எழுதிக்கப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். "அம்மா, சாப்பாட்டு நேரம் வரைக்கும் கூட்டத்தக் கலைக்காதீங்க. அஞ்சாவது ஆளக் கொண்டாறேன்."

"எங்கேருந்து?" என்றார் தலைவர் அம்மா.

"நம்ம முசே இருக்காரே!"

ஊரில் இருந்துகொண்டே வராத உறுப்பினர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். நேரில் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். பிரான்சில் முதியோர் இல்லம் எப்படி இருக்கும் என்று ஒருமுறை அவர் விளக்க ஆரம்பித்து நெடுநேரம் போனதால், தலைவர் அம்மா சுருக்கிச் சொல்லச் சொன்னார். அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனவர்தான். செயலர் போன் போட்டுப் பார்த்தார். அணைத்து வைத்திருந்தார்.

எனக்குத் தெரியும் அவர் எங்கே இருப்பார் என்று. ஆட்டோ பிடித்தேன். "சீக்கிரம் போப்பா, அரசாங்க வேலை" என்றதும் ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு பறப்புப் பறந்தார். அந்த வேகத்தில் எனக்கு இருபது வயது குறைந்துபோனது.

மரத்தடி மண் தரையில் முசே பெத்தாங் ஆடிக்கொண்டிருந்தார். இரும்புக் குண்டுகளை உருட்டிச் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் கொண்டு சேர்க்கிற ஆட்டம். வெள்ளைத் தொப்பி, அரைக்கால் சட்டை, கூட அவர் வயதில் மூன்று நான்கு பேர்.

"முசே, கூட்டத்துக்கு வாங்க. ஒரு ஆள் கொறையுது."

"போன்ழூர் மதாம்" என்றார், குண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்குப் பேச எடம் இல்லாத எடத்துல எனக்கு இன்னா வேல?"

"பேச வேணாம். வந்து ஒக்காந்தா போதும்."

"பாத்தீங்களா! நீங்களும் பேச வேணாங்கறீங்க."

"ஐயோ, பேசுங்க முசே, பொழுது சாயற வரைக்கும் பேசுங்க! கருவடிக்குப்பத்துல இருக்கறவங்கள எல்லாம் காரைக்காலுக்கு மூட்ட கட்டப் போறாங்க. ஒங்க கோவம் பெரிசா, அவங்க போக்கிடம் பெரிசா?"

அவர் கை கொஞ்சம் தாழ்ந்தது. அப்புறம் மறுபடி உயர்ந்தது. "சரி, வரேன். இந்த ஆட்டம் முடியட்டும்."

"எப்ப முடியும்?"

கூட ஆடுகிறவர் சொன்னார். "இவுரு போடற லட்சணத்துக்கு நாளைக்கு முடியும்."

எனக்குப் பொறுக்கவில்லை. நேராக நடந்து போய், குனிந்து, அந்தச் சின்ன மரக்குண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு ஆட்டோவைப் பார்த்து நடந்தேன். அது இல்லாமல் எதைக் குறி வைத்து ஆடுவார்கள்? பின்னால் ஒரே கூச்சல். தமிழில் பாதி, பிரெஞ்சில் பாதி.

"மதாம்! மதாம்! நான் ஜெயிக்கற ஆட்டம்!"

"பொய்யி! தோக்கற ஆட்டம். அம்மா, கூட்டிக்கினு போங்க அந்தாள!"

அவர் பின்னாலேயே ஓடிவந்து ஆட்டோவில் மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்ததும், முந்தானையை அவிழ்த்துக் குண்டை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "பட்டாளத்துல ஒங்கள மாதிரி ஒரு சார்ஜான் இருந்தான். அவனக் கண்டா எல்லாரும் நடுங்குவோம்" என்றார். சார்ஜான் பெரிய பதவியா என்று கேட்டேன். பெரியதுதான் என்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மண்டபத்துக் கதவைத் திறந்து அரைக்கால் சட்டையோடு அவரை உள்ளே தள்ளினேன். தலைவர் அம்மா எழுந்து நின்று, "வாங்க முசே, ஒங்களுக்காகத்தான் காத்திருக்கோம்" என்றார். முசே முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். அதற்குள் செயலர் கதவைச் சாத்திவிட்டார்.

நான் வெளியே பெஞ்சில். உள்ளே முசேயின் குரல் மட்டும் கேட்டது. போச்சு, பிரான்ஸ் கதையை ஆரம்பித்துவிட்டார். எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், குழாயில் தண்ணீர் குடித்தேன். இத்தனை நாள் உள்ளே உட்கார்ந்து கை தூக்கியபோது, வெளியே ஒரு ஜனம் இப்படித்தான் காத்துக் கிடந்திருக்கும் என்று அப்போதுதான் உடம்பில் பட்டது. கதவு திறந்தது.

செயலர் சொன்னார். "புதுப்பிச்சாச்சும்மா. கழிவறைல பிடிச்சிக்கக் கம்பி வெக்கணும், ராத்திரிக்கு ஒரு நர்ஸ் இருக்கணும்னு நிபந்தனை. எல்லாருமே ஒத்துக்கிட்டாங்க. கம்பி வெக்கணும்னு சொன்னது முசேதான்."

அந்தப் பிள்ளையின் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். அரசாங்க அதிகாரி என்று பார்க்கவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தும் நேரே கருவடிக்குப்பம் போனேன். என்னைக் கண்டதும் அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது.

"காரைக்காலாடி?"

"எந்தக் காரைக்காலும் இல்ல. பையப் பிரிச்சிடுக்கா."

அவள் பையைத் தொடவில்லை. என்னையே பார்த்தாள். "எனக்காக எல்லாருக்கும் முந்தி நீ கை தூக்கியிருப்ப."

"இல்லக்கா. நான் தூக்கல. வெளிய வந்துட்டேன்."

"இன்னாது? ஊருக்கெல்லாம் தூக்கற கை, எனக்குத் தூக்க வலிக்குதோ?"

"சொந்தக்காரங்க விஷயத்துல தூக்கக் கூடாதுக்கா. ஓரகத்தி சொந்தமே இல்லன்னு அவங்க புஸ்தகத்துல இருக்குது. ஒக்காருன்னுதான் சொன்னாங்க. நான் சொந்தந்தான்னு சொல்லிட்டு எழுந்து வந்தேன்."

அவள் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்தாள்.

"யாரு கிட்டச் சொன்ன?"

"எல்லார் கிட்டயும்."

"டாக்டரம்மா இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"இன்னான்னு சொன்ன? அப்படியே சொல்லு."

சொன்னேன். எழுந்து நின்று, கையைத் தூக்கி, மைக்கைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரிகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் துணிப்பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, "காதுல சரியா உழல. இன்னொரு தபா சொல்லுடி, இவளுங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள்.